மூன்று குட்டி பாட்டில், ஒரு ஏர் ஃப்ரையர்: லிக்யூர் பிரவுனிக்கு எதை, எப்போது ஊற்றுவது?

அக்கா போன மாதம் வந்தபோது விமான நிலையத்து ட்யூட்டி ஃப்ரீ கடையில் வாங்கிய மூன்று குட்டி லிக்யூர் (இனிப்பும் மணமும் சேர்த்த மது) பாட்டில்களை என் கையில் கொடுத்தாள். க்ரீம் லிக்யூரான பெய்லீஸ் ஒன்று, காபி லிக்யூரான கலுவா ஒன்று, ஆரஞ்சு லிக்யூரான க்வான்ட்ரோ ஒன்று, ஒவ்வொன்றும் 50 மில்லி. "புது வருஷத்துக்கு பிரவுனி பண்ணு, ஆனா மொத்தத்தையும் ஒரே நாள்ல மாவுல கொட்டிடாதடி" என்று சொல்லிவிட்டுப் போனாள். 50 மில்லி என்பது மூன்று மேசைக்கரண்டி, கூட ஒரு தேக்கரண்டி, அவ்வளவுதான். தப்பாகப் போனால் இன்னொரு தடவை செய்து பார்க்க மிச்சம் இருக்காது. முழு பாட்டில் வாங்கலாம் என்றால், இறக்குமதி லிக்யூருக்கு இங்கே கொடுக்கிற விலையில் பல மாதத்துக்கான வெண்ணெயும் சாக்லேட்டும் வாங்கிவிடலாம். அதனால் ஊற்றுவதற்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தேன்: எந்த அடுப்பு, எந்த பாட்டில், எந்த நேரம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே போயின, வீடு முழுக்க கோகோ வாசனை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவசரத்தில் இருப்பவர்கள் இதோடு கிளம்பலாம். ஒன்பது துண்டு போதும் என்றால் ஏர் ஃப்ரையரே போதும், இதற்காக ஓடிஜி (மேசை மேல் வைக்கும் மின்சார அடுப்பு) வாங்க வேண்டாம். ஒரே ஒரு பாட்டில்தான் வாங்க முடியும் என்றால் காபி லிக்யூர் வாங்குங்கள். மாவில் கொஞ்சம்தான் ஊற்றுங்கள், மீதியை வெந்த பிறகு, பிரவுனியைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கமாகத் தடவுங்கள். இந்தக் கடைசி விஷயம்தான் எனக்கு மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை வரை புரியவில்லை.

முதலில் அடுப்பு. ஏர் ஃப்ரையர் என்பது ஒரு குட்டி கன்வெக்‌ஷன் அடுப்பு. மேலே கம்பிச் சுருள், அதற்கும் மேலே ஒரு மின்விசிறி, சூடான காற்றை மேலிருந்து கீழே வேகமாக அடிக்கும். முறுக்கான உருளைக்கிழங்குக்கு இது பிரமாதம். பிரவுனிக்கு இதே குணம்தான் தொல்லை. பிரவுனியின் மேற்பரப்புக்கும் கம்பிக்கும் நடுவே நாலைந்து விரல் இடைவெளிதான், அதனால் நடு வேகும் முன்பே மேல் கருகத் தொடங்கும். ஓடிஜியில் 175 டிகிரி என்று போட்டிருக்கும் செய்முறையை அப்படியே ஏர் ஃப்ரையரில் வைத்தால் மேலே பிஸ்கட், உள்ளே பாயசம். 155 அல்லது 160 டிகிரிக்கு இறக்கிக்கொள்ள வேண்டும், முதல் 15 நிமிடம் டின்னின் மேல் அலுமினியத் தாள் மூட வேண்டும். தாளைச் சும்மா மேலே போட்டால் காற்று அதைத் தூக்கிக் கம்பியில் கொண்டுபோய் ஒட்டும், அது ஆபத்து. டின்னின் விளிம்பைச் சுற்றி இறுக்கமாக மடித்துவிட வேண்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது: காற்று மாவை ஒரு பக்கமாகத் தள்ளும். என் முதல் டின்னை வெளியே எடுத்தபோது மேற்பரப்பு தட்டையாக இல்லை, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அலை ஓடினாற்போல மடிப்பு மடிப்பாக உறைந்திருந்தது, ஒரு மூலை ஒரு விரல் தடிமன், எதிர் மூலை அதில் பாதி. லிக்யூர் சேர்த்த மாவு கொஞ்சம் தளர்வாக இருப்பதால் இது இன்னும் கூடுதலாக நடக்கிறது. தாள் மூடினால் மாவு உறைகிற வரை காற்று படாது, இந்தச் சிக்கலும் சேர்ந்தே தீர்ந்துவிடும். அதனால் அலுமினியத் தாளை விருப்பம் என்று நினைக்காதீர்கள்.

ஓடிஜியோடு ஒப்பிட்டுப் பார்க்க அம்மா வீட்டுக்குப் போனேன், தாம்பரத்தில் அவரிடம் பத்து வருடப் பழைய ஓடிஜி ஒன்று இருக்கிறது. அதே மாவு, அதே 6 அங்குல டின், 175 டிகிரி, 27 நிமிடம். மேலே அந்த மெல்லிய காகிதம் போன்ற ஏடு அழகாக வெடித்து வந்தது, சமமாக வெந்தது, ஒரு தடவைகூடத் திறந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை. அழகில் ஓடிஜிதான் ஜெயித்தது. ஆனால் வாயில் வைத்தால் எனக்கு ஏர் ஃப்ரையர் துண்டுதான் பிடித்தது, காரணம் ஓரம். சுற்றிலும் சூடான காற்று ஓடுவதால் ஓரங்கள் கடித்து மெல்லும்படி இறுகி வருகின்றன, உள்ளே மட்டும் ஈரம். மூன்றுக்கு மூன்றாக ஒன்பது துண்டு போட்டால் அதில் எட்டு துண்டுக்கு ஓரம் உண்டு, ஓரமே இல்லாத துண்டு நடுவில் ஒன்றே ஒன்று. ஓடிஜியில் 8 அங்குல டின் வைத்து நாலுக்கு நாலாகப் பதினாறு போட்டால் ஓரமில்லாதவை நாலு கிடைக்கும். உங்கள் வீட்டில் நடுத்துண்டுக்குச் சண்டை நடக்குமா, ஓரத்துக்குச் சண்டை நடக்குமா என்று பார்த்து முடிவெடுங்கள். எங்கள் வீட்டில் ஓரம்தான்.

மின்சாரச் செலவை வைத்து முடிவெடுக்க வேண்டாம். 1500 வாட் ஏர் ஃப்ரையர் அரை மணி நேரம் ஓடினால் அதிகபட்சம் முக்கால் யூனிட். ஓடிஜி சூடாவதற்கு எடுக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு யூனிட்டைக் கொஞ்சம் தாண்டும். இந்த வித்தியாசத்தில் ஒன்றும் இல்லை. நேரத்தில்தான் லாபம், ஏர் ஃப்ரையர் மூன்று நிமிடத்தில் சூடாகிவிடும். வாணலியில் உப்பு பரப்பி மூடி வைத்துச் செய்யும் முறை சாதா கேக்குக்குச் சரி. இதற்கு வேண்டாம், மூடியிலிருந்து ஆவி நீர் சொட்டி மேலே ஏடே வராது.

டின் வாங்கும் முன் கூடையின் அடியை அளந்துகொள்ளுங்கள். வாய் அகலமாக இருக்கும், அடி குறுகிக்கொண்டே போகும். டின்னைச் சுற்றி ஒரு விரல் இடமாவது காற்று போக வேண்டும். என் நாலு லிட்டர் சொச்சம் கூடையில் 6 அங்குலச் சதுர டின்தான் ஒழுங்காக உட்காருகிறது. அலுமினிய டின் நல்லது, அடி சீக்கிரம் சூடாகும். சிலிகானில் அடி வெளுத்துக் கிடக்கும். கண்ணாடி மெதுவாகச் சூடாகி, எடுத்த பிறகும் நெடுநேரம் சூட்டை விடாமல் வேகவைத்துக்கொண்டே இருக்கும். ஆழமான கூடையிலிருந்து சூடான டின்னை எடுக்கவும் வழி வேண்டும்: அலுமினியத் தாளை நீளவாக்கில் நாலாக மடித்துப் பட்டை மாதிரி டின்னுக்கு அடியில் கொடுத்து இரண்டு பக்கமும் நுனியை மேலே விட்டுவிடுங்கள், தூக்குவது சுலபம். நுனிகளை டின்னோடு ஒட்டி மடித்து வையுங்கள், மேலே நீட்டிக்கொண்டிருக்க விடாதீர்கள்.

சரி, பாட்டில்கள். லிக்யூர் என்றால் வெறும் சாராயம் இல்லை, இனிப்பும் மணமும் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அந்தப் பெயரைப் போட ஆல்கஹால் குறைந்தது 15 சதவீதம் இருக்க வேண்டும், பொதுவாக லிட்டருக்கு 100 கிராம் சர்க்கரையாவது இருக்க வேண்டும். அதாவது நீங்கள் மாவில் ஊற்றும்போது மணம் மட்டும் போவதில்லை, சர்க்கரையும் தண்ணீரும் கூடவே போகின்றன. பெய்லீஸ் அயர்லாந்துக்காரர்களுடையது, 1974இல் வந்தது, பால் க்ரீமும் ஐரிஷ் விஸ்கியும், 17 சதவீதம். கலுவா மெக்சிகோவின் வெராக்ரூஸில் 1936இல் தொடங்கியது, ரம், காபி, வெனிலா, பாட்டிலைப் பொறுத்து 16 அல்லது 20 சதவீதம். க்வான்ட்ரோ பிரான்சின் ஆன்ஷே ஊருடையது, ஆரஞ்சுத் தோல், பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், ஆனால் 40 சதவீதம். ஒரே கரண்டி அளவில் ஊற்றினாலும் க்வான்ட்ரோவில் போகிற ஆல்கஹால் மற்ற இரண்டைப் போல இரண்டு மடங்கு, அதற்கும் மேல். செய்முறைகளில் "உங்களுக்குப் பிடித்த லிக்யூர் இரண்டு மேசைக்கரண்டி" என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள், அது சரியில்லை.

சோதனை செய்ய ஒரு வழி தோன்றியது. பாதி அளவு மாவு கலந்து, நாலு சிலிகான் கப்பில் பிரித்து, மூன்றில் ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரே ஒரு தேக்கரண்டி, நாலாவதில் எதுவும் இல்லை. நாலு கப்பும் கூடையில் ஒன்றாக உட்கார்ந்தன, 160 டிகிரியில் 13 நிமிடம். கையில் ஏர் ஃப்ரையர் இருந்தால் செய்து பார்க்கத் தகுந்த விஷயம் இது. ஓடிஜியை நாலு கப்புக்காகச் சூடாக்க மனசு வராது, ஏர் ஃப்ரையரை ஆக்கலாம்.

ஆறியதும் எது எது என்று சொல்லாமல் வீட்டுக்காரரிடம் நாலு துண்டு கொடுத்தேன். ஆரஞ்சை மூக்கருகில் கொண்டுபோனதுமே கண்டுபிடித்தார். காபியைக் கொஞ்சம் யோசித்துச் சொன்னார். பெய்லீஸ் துண்டையும் வெறும் துண்டையும் மாற்றி மாற்றிக் கடித்துப் பார்த்துவிட்டு, "இந்த ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார். நானும் கடித்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரி. அந்தக் க்ரீம், லேசான விஸ்கி, வெனிலா எல்லாமே கோகோவின் கசப்புக்குள் மூழ்கிப் போயிருந்தன. மறுநாள் காலை மிச்சத்தைச் சாப்பிட்டபோது காபித் துண்டு முந்தின நாளைவிட எழுந்து நின்றது, ஆரஞ்சு நாக்கின் பின்பக்கம் மெதுவாக வந்து தங்கியது, பெய்லீஸ் அப்போதும் இல்லை. என்னைக் கேட்டால் இரண்டாயிரம் ரூபாய் பாட்டிலோ இருநூறு ரூபாய் பாட்டிலோ, பெய்லீஸ் மாதிரி க்ரீம் லிக்யூரை மாவில் ஊற்றுவது வீண்.

அதற்காக பெய்லீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதன் இடம் மேலே. 60 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி பெய்லீஸும் ஒரு மேசைக்கரண்டி க்ரீமும் சேர்த்து லேசாக, கொதிக்கவிடாமல் சூடாக்கி அதன் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் விட்டுக் கலக்கினால் பளபளவென்று கனாஷ் என்கிற சாக்லேட் பூச்சு வரும். ஆறின பிரவுனி மேல் பூசினால் முதல் கடியிலேயே பெய்லீஸ் தெரியும், அடுப்பில் வேகாததால் மணமும் போகாது. ஒரே குறை, கையெல்லாம் ஒட்டும். சிகாகோவின் பால்மர் ஹவுஸ் ஓட்டலில் 1893 உலகக் கண்காட்சி சமயத்தில், பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துப்போகும்படி செய்த இனிப்புதான் பிரவுனி என்று சொல்வார்கள். தட்டு, முள்கரண்டி இல்லாமல் கையில் பிடித்துச் சாப்பிடுவதுதான் அதன் சௌகரியம். டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவதாக இருந்தால் கனாஷ் வேண்டாம், வீட்டிலேயே தட்டில் வைத்துப் பரிமாறுவதாக இருந்தால் தாராளமாகப் பூசுங்கள். பெய்லீஸ் பாட்டிலை 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள், நம் ஊர் வெயிலுக்கு அதை அலமாரியில் வைக்கக் கூடாது, குளிர்ப்பெட்டியில்தான்.

ஆரஞ்சு லிக்யூர் மாவில் ஏன் நிற்கிறது என்பதற்குக் காரணம் உண்டு. ஆரஞ்சு மணம் தோலின் எண்ணெயில் இருக்கிறது, எண்ணெய் வெண்ணெயோடு சேர்ந்துகொள்ளும், அதனால் சூட்டில் முழுக்கப் பறந்துவிடுவதில்லை. க்வான்ட்ரோவில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள், பால் மாதிரி கலங்கும், அந்த எண்ணெய்தான் பிரிந்து தெரிகிறது. ஆனால் இதில் ஒரு கேள்வி வருகிறது: மணம் தோலில்தான் இருக்கிறது என்றால் பாட்டில் எதற்கு? ஒரு நல்ல ஆரஞ்சின் மேல்தோலை, வெள்ளைப் பகுதி சேராமல், பொடித்துருவியில் சீவி, மாவுக்கான சர்க்கரையோடு விரலால் கசக்கிக் கலந்து பார்த்தேன். சர்க்கரை ஈரமாகி ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது, சமையலறை முழுக்க வாசனை. அந்தப் பிரவுனிக்கும் க்வான்ட்ரோ பிரவுனிக்கும் மணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை, தொண்டையில் வரும் அந்த லேசான சூடு மட்டும்தான் இல்லை. தோல் துருவல் மாவில், ஒரு தேக்கரண்டி க்வான்ட்ரோ கடைசியில் மேலே, இதுதான் நான் வந்து சேர்ந்த இடம். பாட்டில் நீண்ட நாள் வரும். கமலா ஆரஞ்சு என்றால் உரிப்பதற்கு முன்னாலேயே துருவிவிடுங்கள், உரித்த தோலைத் துருவ முடியாது.

காபிக்கு இந்த வம்பே இல்லை. வறுத்த காபியும் வறுத்த கோகோவும் மணத்தில் ஒரே குடும்பம், ஒன்று இன்னொன்றைத் தூக்கிக் காட்டும். காபி லிக்யூர் சேர்த்த பிரவுனியில் காபி தனியாகத் தெரிவதைவிட சாக்லேட் இன்னும் அடர்த்தியாகத் தெரிகிறது, அதுதான் அழகு. ஆரஞ்சு பிடிக்காதவர்கள் உண்டு, சாக்லேட்டில் காபியை வேண்டாம் என்று ஒதுக்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒரே பாட்டில் என்றால் காபி என்று நான் சொன்னது இதனால்தான்.

பாட்டிலே இல்லாதவர்களுக்கு: டார்க் ரம் லிக்யூர் கிடையாது, இனிப்பு சேராத சரக்கு. ஆனால் அதிலிருந்து லிக்யூர் மாதிரி ஒன்றை ஐந்து நிமிடத்தில் செய்துகொள்ளலாம். ஓல்ட் மாங்க் 42.8 சதவீதம், அதற்கே ஒரு வெனிலா வாசனை உண்டு. ஃபில்டரில் இறங்கிய முதல் டிகாக்‌ஷன், கெட்டியானது, ஒரு மேசைக்கரண்டி. ரம் ஒரு மேசைக்கரண்டி. நாட்டுச் சர்க்கரை இரண்டு தேக்கரண்டி. சூடான டிகாக்‌ஷனில் சர்க்கரையைக் கரைத்து, ஆறியதும் ரம்மைச் சேர்க்க வேண்டும். சிக்கரி அதிகம் கலந்த தூள் என்றால் கொஞ்சம் கசப்பு தூக்கலாக இருக்கும், அதுவும் சாக்லேட்டுக்குப் பொருந்தத்தான் செய்கிறது. கலுவாவோடு அருகருகே வைத்து ருசித்தால் வித்தியாசம் தெரியும், பிரவுனிக்குள் போன பிறகு எனக்குத் தெரியவில்லை. குடிக்காதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ரம்மை விட்டுவிட்டு டிகாக்‌ஷனும் சர்க்கரையும் மட்டும் போதும்.

இந்தக் குழந்தைகள் விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். "அடுப்பில் வைத்தால் ஆல்கஹால் எல்லாம் பறந்துவிடும்" என்று நிறைய பேர் நம்புகிறார்கள். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிப்பது உண்மைதான், அதற்காக வேகும் மாவிலிருந்து அப்படியே வெளியேறிவிடாது. அமெரிக்க வேளாண்மைத் துறையின் அட்டவணையில், மாவில் கலந்து 15 நிமிடம் வேகவைத்தால் 40 சதவீதமும் 30 நிமிடம் என்றால் 35 சதவீதமும் மிச்சமிருக்கும் என்று இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சதவீதக் காபி லிக்யூர் 30 மில்லி ஊற்றினால் 6 மில்லி ஆல்கஹால், வெந்த பிறகு சுமார் 2 மில்லி, ஒன்பது துண்டுக்குப் பிரித்தால் துண்டுக்குக் கால் மில்லிக்குக் கொஞ்சம் குறைவு. அளவு சின்னதுதான், ஆனால் சுத்தமாக இல்லை என்று சொல்ல முடியாது. மத நம்பிக்கையால் தொடாதவர்கள், கர்ப்பிணிகள், குடியை விட்டு மீண்டு வந்துகொண்டிருப்பவர்கள் உங்கள் வீட்டுக்கு வரலாம். துண்டை நீட்டும் முன் சொல்லிவிடுங்கள், தனித் தட்டில் வையுங்கள். நான் குழந்தைகளுக்கு டிகாக்‌ஷன்கூட இல்லாமல் தனி டின் போடுவேன்.

அப்புறம் இந்தக் கட்டுரைக்கே காரணமான கேள்வி, எப்போது ஊற்றுவது. மாவில் ஊற்றினால் முக்கால்வாசி மணம் வேகும்போதே ஏர் ஃப்ரையரின் பின்பக்கத் துவாரம் வழியாக வெளியே போகிறது. அடுப்பு ஓடும்போது சமையலறையில் காபி மணம் ஆளைத் தூக்கியது, வெளியே எடுத்த துண்டில் அந்த அளவு இல்லை. ஓடிஜியிலும் போகும், விசிறி அடிக்கும் ஏர் ஃப்ரையரில் இன்னும் தாராளமாகப் போவதாக எனக்குப் பட்டது. சரி, வெந்த பிறகு தடவலாம் என்று இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மேலே பிரஷ்ஷால் தடவினேன். மணம் கிடைத்தது, ஆனால் பாடுபட்டுக் கொண்டுவந்த அந்த மெல்லிய ஏடு பத்து நிமிடத்தில் நனைந்து தோல் மாதிரி சுருங்கிவிட்டது. பிரவுனி ஸ்பாஞ்ச் கேக் மாதிரி உறிஞ்சவும் உறிஞ்சாது, மேலேயே குளம் கட்டி நிற்கும்.

மூன்றாவது தடவை, டின்னிலிருந்து எடுத்த பிரவுனியைப் பட்டர் பேப்பர் மேல் கவிழ்த்துப் போட்டேன். அடிப்பக்கம் ஏடில்லாமல், நுண்ணிய ஓட்டைகளோடு, கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. பல்குத்தும் குச்சியால் ஒரு விரல் இடைவெளியில் வரிசையாகக் குத்தி, ஒரு மேசைக்கரண்டி கலுவாவை இரண்டு தவணையாகத் தடவினேன். முதல் தவணை தொட்டதும் உள்ளே போய்விட்டது, ஈரம் ஒரு கருத்த வட்டமாக ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் பரவியதைப் பார்க்க முடிந்தது. ஐந்து நிமிடம் கழித்து இரண்டாவது. அரை மணி நேரம் அப்படியே விட்டுத் திருப்பினால் மேலே ஏடு முறியாமல் இருக்கிறது, அடியில் காபி. கடிக்கும்போது முதலில் நாக்கில் படுவது அடிப்பக்கம்தான், அதனால் மணம் உடனே தெரிகிறது. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு தடவுங்கள், கொதிக்கக் கொதிக்கத் தடவினால் ஆவியாகிப் போகும்.

சூடே படாமல் ஒரு இரவு வைத்தால் 70 சதவீத ஆல்கஹால் மிஞ்சும் என்பது அதே அட்டவணைக் கணக்கு. அதாவது மாவில் 30 மில்லி ஊற்றி மிஞ்சுவதும், வெந்த பிறகு 15 மில்லி தடவி மிஞ்சுவதும் ஏறக்குறைய ஒன்றே, ஆனால் பாட்டிலில் பாதிதான் செலவு, மணமோ கூடுதல். தடவிய பிரவுனியைத் திரும்பவும் சூடான ஏர் ஃப்ரையருக்குள் வைக்கவே வைக்காதீர்கள். மேலேயே சிவக்கச் சூடான கம்பி இருக்கிறது, ஆல்கஹால் ஆவி பற்றிக்கொள்ளும், அதிலும் 40 சதவீதச் சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம்.

சாக்லேட்டில் ஒரு வார்த்தை. கடையில் மலிவாகக் கிடைக்கும் டார்க் கம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு. வாயில் மெழுகு மாதிரி ஒட்டும், லிக்யூரின் மணத்தை மூடிவிடும். நூறு கிராம்தான் தேவை, நல்ல டார்க் சாக்லேட்டாக, 55 சதவீதத்துக்குக் குறையாமல் வாங்குங்கள், பாட்டிலுக்கு மரியாதை அதுதான். உருக்கிய சாக்லேட்டில் லிக்யூரை நேரடியாகச் சொட்டுச் சொட்டாக விடக் கூடாது. முதல் தடவை வெண்ணெய் சேர்க்கும் முன்பே ஒரு கரண்டி க்வான்ட்ரோ விட்டுவிட்டேன், பளபளவென்று இருந்த சாக்லேட் கண்ணெதிரே இறுகி மணல் கலந்த களிமண் ஆனது. கொஞ்சம் ஈரம் பட்டால் சாக்லேட் அப்படித்தான் பிடித்துக்கொள்ளும். முட்டை, சர்க்கரையோடு சேர்ந்த பிறகு ஊற்றினால் ஒன்றும் ஆகாது.

நான் இப்போது செய்யும் அளவு இது, 6 அங்குலச் சதுர டின்னுக்கு. சாக்லேட் 100 கிராம், வெண்ணெய் 80 கிராம், கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் கிண்ணம் வைத்து உருக்கி ஆறவிடுங்கள். இரண்டு முட்டையையும் 110 கிராம் சர்க்கரையையும் நாலு நிமிடம் நன்றாக அடியுங்கள், வெளுத்து நுரைத்து வர வேண்டும், சர்க்கரை கரைந்தால்தான் மேலே ஏடு வரும். வழக்கமாக 120 கிராம் போடுவேன், லிக்யூரில் இருக்கும் சர்க்கரைக்காக 10 கிராம் குறைத்தேன், அதற்கும் கீழே போனால் ஏடு வராது. இரண்டையும் கலந்து, ஒரு மேசைக்கரண்டி காபி லிக்யூர் சேர்த்து, 50 கிராம் மைதா, 15 கிராம் கோகோ, ஒரு சிட்டிகை உப்பு சலித்துப் போட்டு, மாவு மறைகிற வரை மட்டும் மடித்துக் கலக்குங்கள். மொத்த லிக்யூர் மாவில் இரண்டு மேசைக்கரண்டியைத் தாண்டக் கூடாது, தாண்டினால் நடு பிசுபிசுவென்று வேகாமலே நிற்கும். மூன்று நிமிடம் சூடாக்கிய ஏர் ஃப்ரையரில் 160 டிகிரி, தாள் மூடி 15 நிமிடம், தாளை எடுத்துவிட்டு 8 முதல் 10 நிமிடம். குச்சியால் குத்தினால் ஈரத் துகள் ஒட்டி வர வேண்டும், வழவழவென்று மாவு வரக் கூடாது, சுத்தமாக வந்தால் கூடுதலாக வெந்துவிட்டது. ஒவ்வொரு இயந்திரமும் ஒரு மாதிரி, முதல் தடவை 20ஆவது நிமிடத்திலிருந்தே பக்கத்தில் நில்லுங்கள். டின்னோடு அரை மணி நேரம் ஆறவிட்டு, கவிழ்த்து, குத்தி, தடவி, மூடி வைத்து, மறுநாள் வெட்டுங்கள். அன்றே வெட்டினால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும், காபியும் இன்னும் எழுந்திருக்காது.

டிசம்பர் 31க்கு எட்டு பேர் வருகிறார்கள், அதில் இரண்டு பேர் குடிக்க மாட்டார்கள், போதாததற்கு இரண்டு வாண்டுகள். கலுவா தடவிய டின் ஒன்று, மற்றவர்களுக்கு ஆரஞ்சுத் தோல் மட்டும் போட்ட டின் ஒன்று, பெய்லீஸ் கனாஷ் ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக, வேண்டுகிறவர்கள் எடுத்துப் பூசிக்கொள்ளலாம். இரண்டு டின்னும் 30ஆம் தேதி ராத்திரியே ஒன்றன் பின் ஒன்றாக ஏர் ஃப்ரையரில் முடிந்துவிடும். கலுவா மாவுக்கும் அடிக்கும் போனதும் தீர்ந்துவிடும், க்வான்ட்ரோ பாட்டில் கிட்டத்தட்ட முக்கால் இருக்கிறது. அக்கா பொங்கலுக்கு வரும்போது அவளுக்கு ஒரு டின் போட அது போதும்.